குடியேறியோர் வழிவந்த எழுத்துச் செல்வர் முன்ஷி அப்துல்லா

முன்னுரை

பொன்னேரியில் பேருந்து ஏறி வடகிழக்கே சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் பழவேற்காட்டை அடைந்துவிடலாம். ஏரியும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் அவ்வூருக்குச் சுற்றுலாச் செல்லும் நம் மாணவர்கள், டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் கண்டு வியந்து திரும்புவது வழக்கம். ஆயினும் அவ்வூரின் பெயர் கடல் கடந்து எங்கே சென்று நிலைத்தது என்பதை அறிந்தவர் சிலரே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலாய் ஆடவர் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் காயின் பெலிக்காட் என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. இங்கிருந்து கப்பலேறிய துணி, தான் பிறந்த ஊரின் பெயரையும் சுமந்து சென்று அயல்மொழியில் குடியேறிவிட்டது.

துணியே இவ்வாறு குடியேறுமாயின் அதனைக் கொண்டு சென்ற மனிதர் என்ன ஆயினர்? அவர்தம் மக்களும் பெயரர்களும் எந்த நாட்டினர் ஆயினர்? எந்த மொழியினர் ஆயினர்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் வாழ்வு ஒன்று உண்டு. மலாய் மக்கள் தம் புது இலக்கியத்தின் தந்தை எனப் போற்றும் முன்ஷி அப்துல்லாவின் வாழ்வே அது. அவருடைய முன்னோர் நாகூரிலிருந்து சென்றவர்கள். தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் அவருக்கு இடமில்லை. அவர் எழுதியது மலாய் மொழியில் ஆதலின் இதில் குறை காண இயலாது. எனினும் கடல் கடந்து குடியேறியோர் வரலாற்றை எழுதப் புகுவோர் அவரை விட்டுவிட்டு எழுதுதல் அரிது. பல காலங்களில் பல வகையினர் மலாய் நாட்டில் குடியேறிய கதையை ஒரே மனிதரின் வாழ்வினூடே காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு துறைமுகங்கள்

தமிழகத்திற்கும் மலாய் நாட்டிற்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025 ஆம் ஆண்டளவில் கடாரம் வரை சென்றது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைப் பற்றியது. படை சென்று மீண்டது. வணிகரோ தங்கினர். பாய்மரக் கப்பல் பருவக்காற்றை நம்பியே செல்லும். ஒரு காற்றில் சென்றவர் எதிர்க்காற்று வீசும் வரை மாதக்கணக்கில் அயல் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர் வீடு எடுத்தனர். வீடு எடுத்தவர் மணம் புரிந்தனர். மணம் புரிந்தவர் பிள்ளைகளுக்கு அந்நாடே பிறந்த நாடாயிற்று. குடியேற்றம் என்பது பெரும்பாலும் இவ்வாறு ஒருவரும் திட்டமிடாமலே நிகழ்ந்த ஒன்றாகும்.

15 ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில் இத்தகைய குடும்பங்கள் உயர்நிலை எய்தின. தமிழ் முஸ்லிம் வழியில் வந்த துன் முத்தஹிர் அந்நாட்டின் தலைமையமைச்சர் பதவியாகிய பெண்டஹாரா நிலை வரை உயர்ந்தார். அதே சுல்தானின் ஐயத்திற்கு ஆளாகிக் கொலையுண்டவரும் அவரே. அடுத்து 1511 இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். வந்தவர் உயர்வதும், உயர்ந்தவர் ஐயுறப்படுவதும் குடியேற்ற வரலாற்றில் புதியன அல்ல.

பழவேற்காட்டிற்கும் மலாக்காவிற்கும் உள்ள ஒற்றுமை எண்ணிப் பார்க்கத்தக்கது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610 இல் பழவேற்காட்டில் காலூன்றி, 1613 இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி முடித்தது. அதே கம்பெனி 1641 இல் மலாக்காவைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்துக்கொண்டது. ஐரோப்பியப் போர்களின் விளைவாக 1795 இல் ஆங்கிலேயர் இரு துறைமுகங்களையும் கைப்பற்றினர். 1818 இல் இரண்டையும் டச்சுக்காரரிடமே ஒப்படைத்தனர். 1824 இல் இலண்டனில் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கையின்படி இரண்டும் 1825 இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் கிடந்த இரண்டு ஊர்களின் தலையெழுத்தை ஒரே தாள் எழுதியது. நம் கதைத் தலைவர் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மாற்றங்களுக்கு நடுவில்தான்.

ஏமன், நாகூர், மலாக்கா

அப்துல்லாவின் முப்பாட்டனார் ஏமன் நாட்டைச் சேர்ந்த அரபியர். ஷெய்கு அப்துல் காதிர் என்பது அவர் பெயர். மார்க்கக் கல்வியும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியராகிய அவர் கடல் கடந்து நாகூருக்கு வந்தார். ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் அடங்கிய அவ்வூர் அக்காலத்திலேயே கடலோடிகளும் கல்விமான்களும் கூடும் இடமாக விளங்கியது. அங்கே ஆசிரியப் பணியாற்றி, தமிழ்ப் பெண்ணை மணந்து, நான்கு ஆண் மக்களைப் பெற்று, அம்மண்ணிலேயே அவர் மறைந்தார். தந்தையின் மறைவுக்குப் பின் மக்கள் நால்வரும் கீழ்த்திசை நோக்கிக் கப்பலேறினர். அவர்களுள் முஹம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்காவில் தங்கினார். ஏனையோர் தீவுகளில் பிரிந்து சென்றனர்.

முஹம்மது இப்ராஹீம் மலாக்காவில் மணந்த பெண்மணியின் பெயர் பெரியாச்சி. அவருடைய தந்தையார் ஷெய்கு மீரா லெப்பை. இவ்விரு பெயர்களைக் கேட்ட அளவில் நம் கடற்கரை ஊர்களின் தெருக்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அங்கே நம்மவர் குடியிருப்பு எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. இவ்விணையரின் மகன் அப்துல் காதிர். அவர் மலாக்காவின் உள்நாட்டுப் பகுதிகளில் வணிகம் செய்தவர். சென்ற இடங்களில் மார்க்கக் கல்வியும் போதித்தவர். மலாய் மொழியை நன்கு கற்றவர். அவருக்கும் செலாமா என்னும் பெண்மணிக்கும் 1796 இல் பிறந்தவரே அப்துல்லா. தாய்வழியிலும் இந்தியத் தொடர்பு உண்டு. அவருக்கு முன் பிறந்த அண்ணன்மார் நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோயினர். எஞ்சிய ஒரே பிள்ளை என்பதால் தாயின் அன்பும் அச்சமும் அவரை இறுகப் பற்றியிருந்தன.

பெரியாச்சியின் பள்ளிக்கூடம்

அப்துல்லா பிறந்த பகுதியின் பெயர் கம்போங் பாலி. கம்போங் என்றால் குடியிருப்பு. பாலி என்னும் சொல் தமிழ்ச் செவிக்குப் பள்ளி என்றே கேட்கும். அங்கே பாட்டியார் பெரியாச்சி ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார். ஏறத்தாழ இருநூறு சிறுவர் சிறுமியர் அவரிடம் திருக்குர்ஆன் ஓதவும் மலாய் எழுதப் படிக்கவும் கற்றனர். பெண் கல்வி குறித்து மேடைகளில் பேசும் நாம், இருநூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்த ஊரொன்றில் தமிழ் முஸ்லிம் மூதாட்டி ஒருவர் தலைமையாசிரியையாக விளங்கியதை நினைவிற் கொள்ளுதல் நலம். அப்பள்ளியின் கடுமையான தண்டனை முறைகளையும் அப்துல்லா பின்னாளில் மறைக்காமல் எழுதினார். விரல்களை நெருக்கும் கருவிகளும், கட்டையோடு பிணிக்கும் முறையும் அக்காலப் பள்ளிகளில் இருந்தமையை அவர் எழுத்தின் வாயிலாகவே இன்று அறிகிறோம்.

நோயுற்ற உடலோடு வளர்ந்த சிறுவன் மலாய் எழுத்தைக் கற்றான். குர்ஆன் ஓதக் கற்றான். அடுத்துத் தந்தை அவனைத் தமிழ் கற்க அனுப்பினார். இது பாசத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. மலாக்காவில் நற்குடிப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கமென்று அப்துல்லா குறிப்பிடுகிறார். அவ்வூரில் தமிழ் வணிகர் மிகுந்திருந்தனர். கணக்கெழுதவும் பேரம் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் தமிழ் வணிக மொழியாக மதிக்கப்பட்டிருந்தது என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அறிந்து பெருமை கொள்ளலாம். தமிழுக்குப் பின்னர், மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் அவர் இந்துஸ்தானியைக் கற்றார். அவர்களுக்குக் குர்ஆன் படி எடுத்துக் கொடுத்தும் பாடம் சொல்லியும் இளமையிலேயே பொருள் ஈட்டினார். மொழியாசிரியர் எனப் பொருள்படும் முன்ஷி என்னும் பட்டத்தை அவருக்கு முதலில் சூட்டியவர்கள் அந்தச் சிப்பாய்களே. அரசவை தந்த பட்டமன்று அது. கூலிக்குப் படை சேர்ந்து நாடு விட்டு வந்த எளியோர் தந்த பட்டம். காலம் அதையே நிலைநிறுத்தியது.

ராஃபிள்ஸிடம் எழுத்தராக

ஜாவா மீது படையெடுப்பதற்கு ஆயத்தம் செய்யும் பொருட்டு ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1810 இல் மலாக்கா வந்து சேர்ந்தார். மலாய்ச் சிற்றரசர்களுக்கு ஓலை எழுதவும் பழைய ஏடுகளைப் படி எடுக்கவும் அவருக்கு எழுத்தர்கள் தேவைப்பட்டனர். அவ்வாறு அமர்த்தப்பட்டவர்களுள் மிக இளையவர் அப்துல்லா. உடன் பணியாற்றியோருள்ளும் தமிழ் முஸ்லிம் வழியினர் இருந்தனர். ஐரோப்பிய ஆட்சிக்கும் மலாய் அரசுகளுக்கும் இடையே நிற்கும் பாலமாக இந்த இருமொழி, மும்மொழிக் குடும்பங்களே பயன்பட்டன. இரண்டு மொழிகளுக்கு நடுவே வாழ நேர்ந்ததே குடியேறியோரின் துன்பம். அதுவே அவர்கள் கைமுதலும் ஆயிற்று.

1811 இல் படை ஜாவாவுக்குப் புறப்பட்டபோது உடன் செல்ல அப்துல்லா விரும்பினார். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் கண்ணீர் விட்டுத் தடுத்தார். மகன் தங்கிவிட்டார். தலைமுறைதோறும் கப்பலேறிய குடும்பத்தில் ஒரு தாய் கப்பலைத் தடுத்து நிறுத்திய நிகழ்ச்சி இது. புறப்பட்டவர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறுகின்றன. பிரிவைச் சுமந்து வீட்டில் இருந்தவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாயிற்படியில் காத்திருக்கும் நம் தாய்மார் செலாமாவின் நெஞ்சத்தை எளிதில் உணர்வர்.

பாதிரிமார் நடுவே ஒரு முஸ்லிம்

1815 இல் வில்லியம் மில்ன் என்னும் பாதிரியார் மலாக்காவில் குடியேறினார். 1818 இல் அங்கே ஆங்கிலோ சீனக் கல்லூரி நிறுவப்பட்டது. அப்பாதிரிமார்களுக்கு மலாய் கற்பிக்கும் பணி அப்துல்லாவுக்குக் கிட்டியது. அவர்களிடமிருந்து அவர் ஆங்கிலம் கற்றார். அச்சுக் கோக்கவும் கற்றார். விவிலியப் பகுதிகளை மலாயில் பெயர்க்கும் பணியிலும் உதவினார். ஊரார் ஐயுற்றனர். அப்துல்லாப் பாதிரி என்று எள்ளி நகையாடினர். மகன் மதம் மாறிவிடுவானோ என்று தந்தையும் அஞ்சினார்.

இவ்விடத்தில் அவர் காட்டிய உறுதி போற்றத்தக்கது. பிறருடைய நூலைப் பெயர்ப்பது மொழியறிவின் வேலை. ஈமான் உள்ளத்தின் உடைமை என்று அவர் தெளிந்திருந்தார். வாழ்நாள் முழுதும் பாதிரிமாரோடு பழகியும் இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியிலேயே அவர் வாழ்வு முடிந்தது என்பதைப் பின்னர்க் காண்போம். கல்வி எங்கிருப்பினும் தேடிச் செல்ல வேண்டும். அதனால் தன் நம்பிக்கை கரைந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

சிங்கப்பூரும் வந்து குவிந்த மக்களும்

ராஃபிள்ஸ் 1819 சனவரியில் சிங்கப்பூரில் இறங்கி, பிப்ரவரி 6 ஆம் நாள் உடன்படிக்கை செய்துகொண்டார். அப்போது அத்தீவில் இருந்தோர் ஏறத்தாழ ஆயிரவரே. 1824 இல் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 10,683 ஆக உயர்ந்துவிட்டது. அவர்களுள் இந்தியர் 756 பேர். மலாயர், சீனர், பூகிஸ் மக்கள், அரபியர், தமிழர் எனப் பலரும் சில ஆண்டுகளுக்குள் வந்து குவிந்தனர். 1822 இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் ஒவ்வோர் இனத்தாருக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. தமிழ் முஸ்லிம்களுக்குரிய பகுதி சூலியர் குடியிருப்பு எனப்பட்டது. சூலியர் பள்ளிவாசல் எனப்படும் ஜாமிஆ பள்ளி 1826 இல் நிறுவப்பட்டது. நாகூர் தர்காவின் நினைவாக எழுந்த கட்டடம் 1828 இல் தொடங்கி 1830 இல் நிறைவுற்றது. பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை 1827 இல் மாரியம்மன் கோயில் எழக் காரணராயிருந்தார். குடியேறியவர் முதலில் வயிற்றுக்கு வழி தேடுவர். அடுத்து வழிபாட்டுக்கு இடம் தேடுவர் என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

அப்துல்லா இந்நகரின் பிறப்பைக் கண்ணால் கண்டு எழுதியவர்களுள் முதன்மையானவர். காடு வெட்டப்பட்டதையும், எலிகளின் தொல்லையையும், ஆற்று முகத்தில் கிடந்த எழுத்துப் பொறித்த பெரும் பாறையையும் அவர் எழுதிவைத்தார். அந்தப் பாறை 1843 இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எவராலும் படித்தறிய முடியாத அவ்வெழுத்து அழிக்கப்பட்டதை எண்ணி அவர் வருந்தினார். ஒரு நாட்டுக்கு முன்பு யார் யார் வந்தனர் என்பதற்குரிய சான்றை அறியாமையால் அழிப்பது பெரும் பிழையென்று அவர் கருதினார்.

குடியேறியோர் அனைவரும் விரும்பி வந்தவர் அல்லர். பூகிஸ் கப்பல்களில் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு ஆடுமாடுகள் போல விற்கப்பட்டதை அப்துல்லா சிங்கப்பூரில் நேரிற் கண்டார். கருவுற்ற பெண்களும் அவர்களுள் இருந்தனர். அக்கொடுமையைக் கண்ணீரோடு எழுதினார். நாமும் இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கைலித் துணி ஏற்றுமதியான பழவேற்காட்டுத் துறையிலிருந்தே, 17 ஆம் நூற்றாண்டில் பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழ் மக்கள் டச்சுக் கப்பல்களில் பட்டாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரும் தம் வரலாற்றை எழுதவில்லை. எழுதும் வாய்ப்பைப் பெற்ற அப்துல்லா, மொழி தெரியாத அடிமைகளின் துயரையும் சேர்த்து எழுதியது அவருடைய பெருமை. 1825 முதல் இந்தியக் கைதிகளும் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்நகரின் சாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் அவர்களின் உழைப்பு கலந்துள்ளது. வணிகர், ஆசிரியர், சிப்பாய், அடிமை, கைதி என்று குடியேறியோரின் எல்லா வகையினரையும் ஒரே வாழ்நாளில் கண்டவர் அப்துல்லா.

எழுத்துப் பணி

1835 இல் அப்துல்லா பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். தமிழ் நண்பர் ஒருவர் இதற்குத் துணை நின்றார். இளமையில் கணக்குக்காகக் கற்ற தமிழ் முதுமையை நெருங்கும் பருவத்தில் இலக்கியப் பாலமாயிற்று. 1838 இல் வணிகர்களின் பொருட்டு ஆளுநரின் மடல்களைச் சுமந்து கிளந்தான் நாட்டுக்குப் படகில் சென்றார். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வழியில் பகாங், திரங்கானு நாடுகளின் நிலையையும் கண்டார். அப்பயண நூல் அவ்வாண்டிலேயே அச்சேறியது. 1840 இல் அவர் மனைவி மகப்பேற்றின்போது இறந்தார். அத்துயரோடு மலாக்காவை விட்டுச் சிங்கப்பூரில் குடியேறினார். மூன்று தலைமுறைகளாகத் தங்கிய ஊரை விட்டு அவரும் ஒருமுறை குடிபெயர வேண்டியதாயிற்று.

அந்நாள்களில்தான் ஹிக்காயத் அப்துல்லா என்னும் தன்வரலாற்று நூலை அவர் எழுதத் தொடங்கினார். 1843 இல் அது முடிவுற்றது. 1849 இல் கல்லச்சில் வெளிவந்தது. அதற்கு முன் மலாய் உரைநடை பெரும்பாலும் அரசர்களையும் வீரர்களையும் பாடியது. அப்துல்லாவோ நான் என்று தொடங்கித் தாம் கண்டதைக் கண்டவாறு எழுதினார். சந்தையும் பள்ளிக்கூடமும் நோயும் தீயும் பேச்சுமொழியும் இலக்கியத்திற்குள் வந்தன. புது இலக்கியத்தின் தந்தை என்னும் பெயர் இதனால் அவருக்கு வந்தது.

அவர் மீது குறை கூறுவோரும் உண்டு. ஆங்கிலேயரை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தார் என்பதும், மலாய் அரசர்களைக் கடுமையாகச் சாடினார் என்பதும் அக்குறைகள். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அடிமை வணிகத்தைத் தடுத்த கையையே அவர் கண்டார். நாட்டைக் கவர்ந்த கையை அந்த அளவுக்குக் காணவில்லை. ஆயினும் அவர் சாட்டத்தின் அடியில் இருந்தது வெறுப்பன்று. மலாய் மக்கள் தம் தாய்மொழியை முறையாகக் கற்பதில்லையே என்று அவர் மீண்டும் மீண்டும் வருந்தினார். நாகூர் வழிவந்த ஒருவர் மலாய் மக்களுக்கு மலாய் மொழிப்பற்றை ஊட்டினார் என்பது வியப்பன்றோ! வந்த நாட்டின் மொழியைத் தன் மொழியாகக் கொண்டாடுவோரை அயலார் என்று ஒதுக்குதல் எங்ஙனம்?

அவரோடு பழகிய நில அளவை அதிகாரி தாம்சன், அப்துல்லாவின் தோற்றத்தைப் பதிவு செய்துள்ளார். முகவெட்டு தென்னிந்தியத் தமிழருடையது என்றும், உடுத்தியது கட்டம் போட்ட கைலி என்றும், ஆனால் மொழியாலும் பற்றாலும் மலாயரே என்றும் அவர் எழுதியவற்றின் சாரம் அமைகிறது.

நீராவிக் கப்பலும் அடுத்த அலையும்

1841 இல் செசோஸ்திரிஸ் என்னும் நீராவிக் கப்பல் சிங்கப்பூருக்கு வந்தது. அப்துல்லா அதனுள் சென்று பார்த்து வியந்து ஒரு சிறு நூலே எழுதினார். காற்றுக்குக் காத்திராத கப்பல் குடியேற்றத்தின் போக்கையே மாற்றப் போகிறது என்பதை அப்போது யார் அறிவார்? பாய்மரக் காலத்தில் நூற்றுக்கணக்கில் சென்றோர், நீராவிக் காலத்தில் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் சென்றனர். கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ்த் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். ஒப்பந்த முறை 1910 இல் மலாயாவில் ஒழிந்தது. கங்காணி முறையும் 1938 இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அவர்கள் இரத்தமும் வியர்வையும் சிந்திக் காட்டைத் தோட்டமாக்கினர். ஆனால் கையில் எழுதுகோலுடன் சென்ற ஆசிரியர் வழியினருக்குக் கிடைத்த இடம், கையில் வெட்டுக்கத்தியுடன் நின்ற இவர்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. குடியேறியவருக்கு அந்நாட்டின் கல்வி கிட்டியதா இல்லையா என்பதே பல தலைமுறைகளின் விதியை முடிவு செய்கிறது. அப்துல்லாவின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே.

இறுதிப் பயணம்

1854 இன் தொடக்கத்தில் அப்துல்லா ஹஜ் கடமையை நிறைவேற்றக் கப்பலேறினார். இலங்கையைக் கடந்து, குமரிமுனை அருகே புயலில் சிக்கி, மலையாளக் கரையைத் தொட்டு, செங்கடலின் வாயில் நுழைந்தது அவர் சென்ற கப்பல். முப்பாட்டனார் விட்டு வந்த ஏமன் நாட்டுக் கரையோரமாகவே அவர் சென்றிருக்க வேண்டும். கண்டவற்றையெல்லாம் வழக்கம்போல் எழுதிக்கொண்டே சென்றார். ஜித்தாவை அடைந்தார். அவ்வாண்டிலேயே ஹிஜாஸ் மண்ணில் அவர் உயிர் பிரிந்தது. பயணக் குறிப்பு முற்றுப்பெறாமல் நின்றது. மூன்று நாடுகளையும் நான்கு தலைமுறைகளையும் கடந்து ஒரு குடும்பத்தின் பயணம், புறப்பட்ட திசையிலேயே வந்து முடிந்தது.

அவருடைய மகன் முஹம்மது இப்ராஹீம் முன்ஷி ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்தார். தந்தையைப் போலவே பயண நூலும் எழுதினார். நாகூரிலிருந்து சென்ற பாட்டனாரின் பெயரே இவருக்கும் இடப்பட்டது. பெயர் அப்படியே இருந்தது. நாடும் மொழியும் மாறியிருந்தன.

சிங்கப்பூரில் காளிதாசர், தாகூர், இக்பால் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய சாலைகளுக்கு நடுவே முன்ஷி அப்துல்லா பெயரிலும் ஒரு சாலை உள்ளது. 2019 இல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தபோது, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையின் பக்கத்தில் வேறு நான்கு சிலைகள் சில நாள்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று அப்துல்லாவுடையது. மற்றொன்று நாராயண பிள்ளையுடையது. நகரைக் கண்டவர் ஒருவர் அல்லர், வந்தவர் பலரே என்பதை அந்நாடு அவ்வாறு ஒப்புக்கொண்டது.

முடிவுரை

இன்று நம் பகுதியைச் சுற்றிப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். உலைக்களத்தின் வெப்பத்தைத் தாங்குபவர்களுள் அவர்களே மிகுதி. போரினால் வீடிழந்து வந்த இலங்கைத் தமிழரின் முகாமும் அங்கேயே உள்ளது. காலை நேரத்துப் புறநகர் இரயிலில் அவர்களோடு ஒரே இருக்கையில் அமர்ந்து வரும் நம் மாணவர்கள் அவர்களை எவ்வாறு நோக்குகின்றனர்? ஊர் பெயர் தெரியாத கூட்டம் என்று முகம் திருப்புகின்றனரா? பெரியாச்சியின் பெயரரை மலாக்கா மக்கள் அவ்வாறே ஒதுக்கியிருந்தால் மலாய் மொழி எத்தகைய செல்வத்தை இழந்திருக்கும்!

இஸ்லாமிய ஆண்டுக் கணக்கே ஒரு குடிபெயர்வை முதலாகக் கொண்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 622 இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். நாடு துறந்து வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகள் உடன்பிறந்தாராக ஏற்று, வீட்டிலும் தோட்டத்திலும் பங்கு கொடுத்தனர். வந்தவர் சிறப்பையும் வரவேற்றவர் சிறப்பையும் ஒருசேரப் போற்றும் மரபு நம்முடையது. நம் முன்னோர் மலாக்காவில் முஹாஜிர்களாக நின்றனர். கும்மிடிப்பூண்டியில் இன்று நாம் நிற்கும் இடமோ அன்சாரிகளுக்குரியது.

இப்பகுதி அரசுப் பள்ளிகளில் வடபுலத் தொழிலாளரின் பிள்ளைகள் அகரம் எழுதிப் பழகுவதைக் காண்கிறோம். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் நம் மொழி என வளரும் அக்குழந்தைகளுள் ஒருவர் நாளை தமிழுக்கு ஓர் அப்துல்லாவாக வாய்க்கலாம். அவருக்குக் கற்பிக்கும் பெரியாச்சிகளாக நம் மாணவியரும், துணை நிற்கும் தோழர்களாக நம் மாணவரும் விளங்குவார்களாக. அதற்குரிய மனத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.